மஞ்சூர் பஸ்ஸும் காமன் கூத்தும்: நீலகிரியில் ஐந்து நாள்

மார்ச் 12, புதன் – ஊட்டி

சென்னையில் நல்ல நாடகம் எங்கே பார்க்கலாம் என்று யாராவது கேட்டால் எனக்கு வாய் ஓயாது. எழும்பூர் மியூசியம் தியேட்டரில் தொடங்குவேன். 1896-ல் கட்டியது. உள்ளே போய் உட்கார்ந்தால் நடிகர் மூச்சு வாங்குவதுகூடக் காதில் விழுவது போல ஒரு நெருக்கம். அப்புறம் டி.டி.கே. சாலை நாரத கான சபா, தி.நகர் வாணி மகால், நுங்கம்பாக்கம் அலியான்ஸ் பிரான்சேஸ், திருவான்மியூர் கலாக்ஷேத்ரா. 1977-ல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை ஏதாவது போடுகிறதா என்று விசாரித்து வைத்துக்கொள்ளச் சொல்வேன். படம் என்றால் அண்ணா சாலை தேவி. இருபது வருஷமாக என் ஞாயிற்றுக்கிழமைகள் இந்த இடங்களில்தான் கழிகின்றன.

இந்த முறை மலைக்கு வந்திருக்கிறேன். கோத்தகிரிப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் ஆபீஸில் வேலை பார்க்கும் தோழி, "மாசிப் பௌர்ணமிக்கு எங்க தோட்டத்துல காமன் கூத்து. சபாவுல பாத்தது போதும்க்கா, ஒரு தடவை அங்க வந்து பாருங்க" என்று கூப்பிட்டாள். மன்மதன் எரிந்து உயிர்த்தெழும் கதையை ராத்திரி முழுக்க ஆடுவது காமன் கூத்து. ஊட்டி என்று காதில் விழுந்ததுமே அம்மா பெட்டியை இறக்கிவிட்டாள். அவள் வளர்ந்த ஊர். தாத்தா இங்கே ஃபிலிம் பேக்டரியில் வேலை பார்த்தவர். அப்பா போன பிறகு இந்த ஆறு வருஷத்தில் அம்மா எந்தத் தியேட்டருக்கும் வந்ததில்லை. எத்தனை முறை கூப்பிட்டிருப்பேன். நேற்று ரயிலில் அவளாகவே, "ஊட்டியில படம் பாக்கணும்னா அசெம்ப்ளியில பாக்கணும்" என்றாள்.

மதியம் வந்து சேர்ந்தபோது வெயில் சுள்ளென்று இருந்தது. நிழலுக்குள் போனால் உடனே குளிர். கமர்ஷியல் ரோட்டில் சாப்பாடு, ஆளுக்கு 120 ரூபாய். ரசம் கொதிக்கக் கொதிக்க வந்தது. அந்தக் குளிருக்கு அது ஒன்றே போதும். தண்ணீர் பாட்டில் கேட்டேன். பரிமாறியவர், "பிளாஸ்டிக் இங்க விக்கக்கூடாதும்மா" என்று எங்கள் பழைய எவர்சில்வர் பாட்டிலை வாங்கிப் போய் வெந்நீர் நிரப்பிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

சாயங்காலம் அசெம்ப்ளி ரூம்ஸ். வெள்ளைக்காரர்கள் நாடகத்துக்கும் நடனத்துக்கும் கட்டிய கூடம், பிற்பாடு சினிமா தியேட்டர் ஆனது. அம்மா வாசலில் நின்று கட்டடத்தை மேலும் கீழுமாகப் பார்த்தாள். "அப்போ இங்கிலீஷ் படம்தான் ஜாஸ்தி போடுவாங்க. ஒண்ணும் புரியாது. ஆனாலும் வருவோம்."

இன்று ஓடியது ஒரு புதுத் தமிழ்ப் படம். படத்தைப் பற்றி எழுத எனக்கு எதுவும் இல்லை. கூட்டத்தைப் பற்றி எழுத வேண்டும். எல்லோரும் ஸ்வெட்டர், சால்வை, குரங்கு குல்லாவோடு வந்திருந்தார்கள். எங்கள் முன்வரிசையில் இருந்த குடும்பம் வீட்டிலிருந்து ஃபிளாஸ்க் கொண்டுவந்திருந்தது. இடைவேளையில் அந்த அம்மா திரும்பி, முன்பின் தெரியாத எங்களுக்கும் மூடியில் ஊற்றி நீட்டினார். சுக்குக் காபி. நகரத்துத் தியேட்டரில் வெளித் தின்பண்டம் உள்ளே வரக்கூடாதென்று பையைத் துழாவுவார்கள்; பக்கத்து சீட்டில் யார் என்று மூன்று மணி நேரமும் தெரியாமலே எழுந்து வருவோம்.

க்ளைமாக்ஸ் தொடங்கி ஐந்து நிமிஷம் இருக்கும். பின்னால் நாற்காலிகள் சரசரத்தன. பத்துப் பதினைந்து பேர் எழுந்து, குனிந்துகொண்டு, பிறர் கண்ணை மறைக்காமல் ஒருவர் பின் ஒருவராக வெளியே போனார்கள். முன்வரிசைக் குடும்பமும் எழுந்தது. நான் திகைத்துப்போய் அம்மாவைப் பார்த்தேன்.

"மஞ்சூர் பஸ்" என்றாள் அம்மா, திரையிலிருந்து கண் எடுக்காமல். "அதை விட்டா ராத்திரிக்குப் பஸ் கிடையாது."

ரூமுக்கு நடக்கும்போது சொன்னாள். சின்ன வயதில் அவள் பார்த்த படங்களில் பாதிக்கு முடிவே பார்த்ததில்லையாம். கடைசி பஸ்ஸுக்காக தாத்தா பாதியில் எழுப்பிக் கூட்டிப்போய்விடுவார். பஸ்ஸில் வைத்து, மிச்சக் கதையை அவரே சொல்வார். அவரும் பார்த்திருக்கமாட்டார், சொந்தமாகக் கட்டிச் சொல்வார். பிற்பாடு டி.வி.யில் அந்தப் படங்கள் வந்தபோதுதான் முடிவு வேறு என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. "ஆனா தாத்தா சொன்னதுதான் நல்லா இருந்துச்சு. அவர் யாரையும் சாக விடமாட்டார்."

மார்ச் 13, வியாழன் – இந்து நகர், கோத்தகிரி

காலையில் இந்து நகர். ஊட்டியிலிருந்து கூடலூர் சாலையில் கொஞ்ச தூரம். ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், 1960-ல் தொடங்கிய மத்திய அரசுத் தொழிற்சாலை. 1967-ல் உற்பத்தி ஆரம்பம். தாத்தா சேர்ந்தது அந்த வருஷம். பிரெஞ்சுக் கம்பெனியின் தொழில்நுட்பத்தில், கறுப்பு வெள்ளை சினிமாச் சுருளும் எக்ஸ்ரே படலமும் 'இந்து' என்ற பெயரில் இங்கிருந்து போயின. குளிரும் தூசியில்லாத காற்றும் வேண்டும் என்பதால் மலை மேல் வைத்தார்கள். படச்சுருள் என்பது வெள்ளி உப்பை ஜெலட்டின் கூழில் கலந்து பூசிய பிளாஸ்டிக் படலம். ஒரு துளி வெளிச்சம் பட்டாலும் போச்சு, எனவே பூசுகிற வேலை முழுக்க இருட்டில். தாத்தா அந்த இருட்டுக்குள்தான் இருந்தார். எதிரே வருகிறவர் மேல் முட்டிக்கொள்ளாமல் இருக்க மெல்ல விசிலடித்துக்கொண்டே நடப்பார்களாம். வீட்டிலும் ராத்திரி கரண்ட் போனால் தாத்தா விசிலடித்துக்கொண்டுதான் மெழுகுவத்தி தேடுவார்.

பேக்டரி மூடிவிட்டது. டிஜிட்டல் வந்த பிறகு சுருளுக்கு என்ன வேலை? ரோட்டிலிருந்து பார்த்தால் கட்டடங்களும் புல்லும்தான். அம்மா கீழே இறங்கவில்லை. ஆட்டோவிலேயே உட்கார்ந்து பார்த்தாள். ஊர் ஊராகத் தியேட்டர்களில் உட்கார்ந்து எத்தனை பேர் அழுதிருப்பார்கள், சிரித்திருப்பார்கள். அதில் கொஞ்சம் இந்த இருட்டறையிலிருந்து போனது என்று நான் சொன்னேன். "உங்க தாத்தாவுக்கு அது தெரியும்" என்றாள்.

மதியம் கோத்தகிரி பஸ். அம்மாவுக்கு முழங்கால் வலி. ஒரு படுகர் பாட்டி, வெள்ளை முண்டும் தலைத்துணியுமாக ஜன்னலோரம் இருந்தவர், எழுந்து உள்ளே நகர்ந்து, "நீ இங்க உக்காரு தங்கச்சி, கால் நீட்டிக்கலாம்" என்று இடம் கொடுத்தார். அவருக்கு அம்மாவை விடப் பத்து வயது கூட இருக்கும்.

தோழியின் தோட்டம் கோத்தகிரியிலிருந்து உள்ளே. லயன் வீடுகள் இரண்டு வரிசை, நடுவில் களம். இங்கே இருப்பவர்கள் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்கள். களத்தில் ஆமணக்குக் கொம்பும் வைக்கோலும் சுற்றிய காமன் கம்பம், மாசி அமாவாசை கழிந்து ஊன்றியது. அன்றிலிருந்து வேஷம் கட்டுகிறவர்கள் விரதம். வீட்டு வாசலில் நுழையும்போதே தோழியின் பெரியம்மா, "வாங்க புள்ள, பிளேன்டி குடிக்கிறீங்களா, பால் ஊத்தவா?" என்றார். பால் இல்லாத அந்தச் சாயத்தை அவர் சொன்ன மாதிரியே, உள்ளங்கையில் சர்க்கரையை வைத்து நக்கிக்கொண்டு குடித்தேன்.

ரதி வேஷம் கட்டுவது தேயிலைப் பேக்டரியில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர். ஐம்பது வயதிருக்கும். சில்வர் ஓக் மரத்தில் ஆணியடித்துக் கண்ணாடி மாட்டி, தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார். முகத்துக்கு அரிதாரம் பூசி முடித்து மை தீட்டும் வரைக்கும் யாரிடமும் பேச்சில்லை. கடைசியில் வளையல். கண்ணாடி வளையல், சிவப்பு, கைக்குப் பன்னிரண்டு. இலை மூட்டை தூக்கிக் காய்த்த கை, ஏறவில்லை. அவர் மனைவி ஒரு குவளைத் தண்ணீரும் லைப்பாய் சோப்பும் கொண்டுவந்தார். மணிக்கட்டிலும் கட்டைவிரல் முட்டியிலும் சோப்பை நுரைக்கத் தேய்த்து, கையைக் குவிக்கச் சொல்லி, ஒவ்வொன்றாகச் சுழற்றி ஏற்றினார். ஏழாவது வளையல் உடைந்து கட்டைவிரலில் கீறி ரத்தம் வந்தது. அண்ணன் அதை வாயில் வைத்துச் சப்பிவிட்டு மறுபடி கையை நீட்டினார். இருபத்து நான்கும் ஏறிய பிறகு கையை ஒருமுறை உயர்த்திக் குலுக்கிப் பார்த்தார். அந்தச் சத்தத்தோடு அவர் நடை மாறிவிட்டது. எழுந்து களத்துக்குப் போனது அந்த அண்ணன் இல்லை.

நான் சபாவில் கூத்து பார்த்திருக்கிறேன். இரண்டு மணி நேரத்துக்கு நறுக்கி, ஏ.சி. குளிரில், முடிந்ததும் கை தட்டி, பார்க்கிங்கில் வண்டி எடுக்க ஓடியிருக்கிறேன். இங்கே மேடையே கிடையாது. ராத்திரி பத்து மணிக்குத் தப்புப் பறையைத் தீயில் காய்ச்சி எடுத்ததும் ரதியும் மதனும் வரிசை வீடுகளின் வாசல் வாசலாகப் போய் ஆடினார்கள். ஒவ்வொரு வீட்டிலும் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டார்கள். பேசிக்கொண்டிருந்த குழந்தையை மதன் தூக்கி, அதன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தான். யார் பார்க்கிறவர், யார் ஆடுகிறவர் என்று கோடு போட முடியாது. தூதன் ஓலை கொண்டுவந்தான். குறவனும் குறத்தியும் சிரிக்க வைத்தார்கள். நள்ளிரவுக்கு மேல் குளிர் எலும்பில் இறங்கியது. தப்படிக்கிற பிள்ளைகள் பாட்டுக்குப் பாட்டு தோலைத் தீயில் காட்டிக் காட்டி அடித்தார்கள். பாத்ரூமுக்குக் கிளம்பிய என்னை ஒரு சிறுவன் டார்ச்சோடு ஓடிவந்து நிறுத்தினான். "தனியா போகாதீங்கக்கா, கரடி வரும். தப்பு சத்தத்துக்குள்ளயே இருங்க."

தேவர்கள் அனுப்பி, சிவன் தவத்தைக் கலைக்க மதன் புறப்படுகிறான். ரதி போகாதே என்கிறாள். கெட்ட கனா கண்டேன் என்கிறாள். இந்தத் தர்க்கமே மூன்று மணி நேரம். அவள் ஒரு பாட்டு, அவன் ஒரு பாட்டு. கேட்கிறவர்களுக்கு ஒவ்வொரு வரியும் மனப்பாடம். என் பக்கத்தில் இருந்த கிழவி ஒவ்வொரு முறையும், ரதியோடு சேர்ந்து, "போகாத சாமி" என்று மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தாள். என்ன நடக்கும் என்று எண்பது வருஷமாகத் தெரியும் அவளுக்கு.

மார்ச் 14, வெள்ளி – தோட்டம்

விடியக் காலை, கிழக்கு இன்னும் வெளுக்கவில்லை. நெற்றிக்கண் திறந்தது. கம்பத்தின் வைக்கோலில் தீ பிடித்து ஆளுயரத்துக்கு மேல் எழுந்தது. தப்பு சட்டென்று நின்றது. ராத்திரி முழுக்க அடித்த சத்தம் நின்ற அந்த அமைதியை என்னால் எழுத முடியவில்லை.

பிறகு ரதி அழுதாள். ஒப்பாரி. முதலில் அவள் மட்டும். பிறகு கிழவிகள் ஒருவர் ஒருவராக எழுந்து போய் அவளைக் கட்டிக்கொண்டு அவரவர் ஒப்பாரியைச் சேர்த்துப் பாடினார்கள். கண்டியில் விட்டுவந்த அண்ணன் பேரைச் சொன்னாள் ஒருத்தி. ரதி இரண்டு கையையும் தரையில் அறைந்தாள். வளையல்கள் உடைந்து தெறித்தன. சோப்பு போட்டு ஏற்றிய அந்த வளையல்கள்.

அம்மாவைத் தேடினேன். கூட்டத்தை விட்டுத் தள்ளி, ஒரு வீட்டுத் திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். நான் அருகில் போனபோது, "நீ போய்ப் பாரு, நான் இங்கேயே நிக்கறேன்" என்றாள். போகாமல் நின்றேன். ஆறு வருஷத்துக்கு முன் எங்கள் வீட்டில் பத்தாம் நாள் அம்மா அழவில்லை. இன்று அழுதாள்.

பகல் முழுக்கத் தூக்கம். எழுந்தபோது தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும் தயாராக இருந்தன. மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு, எலுமிச்சம்பழம். அம்மியில் ஒன்றிரண்டாக நசுக்கியது. மூன்று ரொட்டி சாப்பிட்டேன், நான்காவதைப் பெரியம்மா கேட்காமலே வைத்தார்.

தோழியின் தாத்தா பேசினார். 1964-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு, இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவாயிற்று. இவர் குடும்பம் தலைமன்னாரில் கப்பலேறியது 1974-ல். ராமேஸ்வரம், மண்டபம் முகாம், பிறகு இந்த மலை. இவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே அரசு 1968-ல் தேயிலை நடத் தொடங்கியிருந்தது. அது 1976-ல் தேயிலைத் தோட்டக் கழகமானது. "வந்த மொத வருசம் காமன் ஊன்றல. எடமே புரியல. ஊரு எது, காடு எதுன்னு தெரியல. ரெண்டாம் வருசம் மாசியில ஒருத்தரு கொம்ப வெட்டிட்டு வந்துட்டாரு. அப்புறந்தான் இது நம்ம எடம்னு மனசு வந்துச்சு." பாட்டு எதுவும் எழுதி வைத்ததில்லையாம். கேட்டுக் கேட்டு வந்ததுதான். இப்போது வெளியூர் போன பிள்ளைகள் இந்த இரண்டு நாளுக்கு லீவு போட்டு வருகிறார்கள். ராத்திரி மதனாக ஆடியவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான்.

நாளை மறுநாள் மூன்றாம் நாள். மதன் உயிர்த்தெழுவான். "இருந்து பாத்துட்டுப் போங்க" என்றார் தாத்தா. ஞாயிறு மாலை கோவையில் எங்களுக்கு ரயில். திங்கள் எனக்கு ஆடிட்.

மார்ச் 15, சனி – மலையில் ஒரு சிற்றூர்

அம்மாவே, "இன்னிக்கும் ஒரு படம் பாக்கலாமா?" என்றாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பஸ் ஏறிப் போன ஊரில் ஒரு சின்னத் தியேட்டர், டிக்கெட் 80 ரூபாய். சென்னையில் மல்டிபிளெக்ஸில் 190 ரூபாய் கொடுத்துப் பழகிய கைக்கு அது மிகக் குறைவு. மேட்னிக்கு நாங்கள் ஏழு பேர். பத்துப் பேர் சேர்ந்தால்தான் ஓட்டுவோம் என்றார் டிக்கெட் கொடுத்தவர். அரை மணி காத்திருந்தோம். வெளியே தூறல் பிடித்துக்கொண்டது. கல்லூரிப் பிள்ளைகள் இருவர் ரோட்டில் போகிறவர்களைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரு காய்கறிக் கடைக்காரர் கடையை மகனிடம் விட்டுவிட்டு வந்து எட்டாவது ஆளானார். அதற்கு மேல் சேரவில்லை. நான் மிச்சம் இரண்டு டிக்கெட்டுக்கும் பணம் தருகிறேன் என்றேன். டிக்கெட்காரர் சங்கடப்பட்டு, மற்றவர்களும் வேண்டாமென்று தலையசைத்து, காசைத் திருப்பிக் கொடுத்தார். அவரையும் குறை சொல்ல முடியாது. ஒரு காட்சி ஓட்டக் கரண்டுக்கே என்ன ஆகும் என்று கணக்கு சொன்னார். ஆனால் மனசு ஆறவில்லை. எட்டுப் பேர் ஒரு படத்துக்காக மழையில் நின்றோம். அது கூட்டமில்லையா?

காய்கறிக்காரர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். பேக்கரியில் சூடாக வர்க்கி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அடுக்கடுக்காக, தொட்டால் உதிரும். கால் கிலோ அங்கேயே தீர்ந்தது, அரைக் கிலோ பொட்டலம் கட்டிக்கொண்டோம். அந்த எட்டுப் பேரும் பிரியும்போது ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொண்டு போனது எனக்குப் பிடித்திருந்தது.

மார்ச் 16, ஞாயிறு – கோத்தகிரி மலைப்பாதை

காலை ஒன்பதரை பஸ். மழை கழுவிவிட்ட தேயிலை மேல் வெயில். வழியனுப்பப் பெரியம்மா, தோழி, ரதி அண்ணன் மூவரும் வந்தார்கள். அவர் கண்ணோரத்தில் மை இன்னும் போகவில்லை. கட்டைவிரலில் பிளாஸ்திரி. அம்மா அவரிடம் போய், "நல்லா அழுதீங்க தம்பி" என்றாள். அவர் கையைக் கும்பிட்டபடி, "நீங்களும் அழுதீங்கல்ல அக்கா, பாத்தேன்" என்றார்.

குஞ்சப்பனைக்கு மேலே வந்துகொண்டிருந்தபோது தோழி போன் செய்தாள். "ஆரம்பிச்சுட்டாங்கக்கா, கேளுங்க." ஸ்பீக்கரில் போட்டு அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் வைத்தேன். தப்பு. வியாழன் ராத்திரி அடி இல்லை, இது வேகமான வேறு அடி. பெண்கள் குலவை. ரதியின் பாட்டு இரண்டு வரி. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். கண்டக்டர் சத்தம் போடுவாரோ என்று நினைத்தேன், அவர் கம்பியில் சாய்ந்து நின்று கேட்டார். வளைவு திரும்பியதும் சிக்னல் போய்விட்டது. நான் மறுபடி மறுபடி அழுத்திப் பார்த்தேன்.

"விடு" என்றாள் அம்மா. "மிச்சத்தை நான் சொல்றேன்."

போனைப் பையில் போட்டேன். அம்மா சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"சாம்பல்லருந்து எந்திரிச்சு வர்றான். ஊரே நிக்குது, யார் கண்ணுக்கும் தெரியல. அவ கண்ணுக்கு மட்டும் தெரியறான். நேரா வீட்டுக்குள்ள வர்றான், செருப்பைக் கழட்டறான். சாப்பிட்டியான்னு கேக்கறான்."